மூன்று பஸ் சட்டம்

மலைநாட்டில் எல்ல என்கிற சுற்றுலா டவுனுக்குக் கீழே ரோடு வளைகிற இடத்தில் செவ்வாயும் வெள்ளியும் ஹோட்டல்காரர்கள் குப்பை வைப்பார்கள். பஸ் நிற்கிற இடமும் அதுதான். குப்பை என்பது அவர்கள் வைத்த பெயர். மின்விசிறியில் ஒரு வயர் அறுந்தால் குப்பை, கதிரையில் ஒரு கால் ஆடினால் குப்பை. அப்படிப் பார்த்தால் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அறுபதைத் தாண்டிய ஒருவரும் வீட்டுக்குள் படுக்க முடியாது. நானும் அந்த வளைவில் உட்கார்ந்து குப்பை டிராக்டருக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

என் பெயர் லூக்காஸ். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டவன். ஓய்வு கொடுத்து அனுப்பிய மறுநாளே வளைவுக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். முதலில் கிடைத்தது ஒரு மின்விசிறி. வயரை மாற்றிவிட்டு, என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்ற ஒரு சின்னச் செப்புச் சுருளையும் உள்ளே போட்டேன். அது முதல் நாள் சுழன்ற வேகத்தில் சுவரிலிருந்த காலண்டர் பெப்ரவரியிலிருந்து டிசம்பருக்குப் போய்விட்டது. என் மனைவி அற்புதமலர் நத்தார் கேக்குக்கு ரவை வறுக்க உட்கார்ந்தாள்.

அடுத்து ஒரு குளியலறைத் தராசு. யார் ஏறி நின்றாலும் நாற்பத்தொன்பது கிலோ காட்டும். கொழுந்து நிறுக்கிற தராசு ஆளுக்கு ஆள் ஒரு நியாயம் காட்டுகிற ஊரில், எல்லாருக்கும் ஒரே மாதிரி காட்டுகிற தராசை யார் குறை சொல்வது? கோயிலுக்குப் போகுமுன் லயத்துப் பெண்கள் அதில் ஒரு தடவை ஏறி இறங்கி, மனம் நிறைந்து போவார்கள்.

பிறகு ஆளுயரத்துக்கு ஒரு பிரிட்ஜ். முக்கால்வாசி செத்தது, கால்வாசி குளிரும். அலுமாரி இல்லாத எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அதுவே அலுமாரி ஆனது. மார்கழிப் பனியில் குளிரூட்டிய சேலை கட்டிக்கொண்டு பூசைக்குப் போகிற பெண் இந்த மலையில் அற்புதமலர் ஒருத்திதான். பக்கத்தில் முழங்கால் போடுகிறவர்கள் கொஞ்சம் தள்ளியே போடுவார்கள்.

இவ்வளவையும் நான் தள்ளிக்கொண்டு வந்தது வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று வளர்ந்து விட்டுப்போன கைவண்டியில். அதுவும் வளைவில் கிடைத்ததுதான்.

லயம் எனக்கு வைத்த பெயர் குப்பை லூக்காஸ். அதில் எனக்கு வருத்தமில்லை. மேல் லயத்தில் இன்னொரு லூக்காஸ் இருக்கிறான், அவன் கள்ள லூக்காஸ். வித்தியாசம் தெரிய வேண்டுமல்லவா? அவன் எடுத்ததும் ஒரே ஒரு தடவைதான், இதே வளைவில் சாத்தியிருந்த ஒரு சைக்கிள். பதினெட்டு வருடமாகிறது. சைக்கிளுக்கு உரியவர் செத்தே போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் அவன் பேரனை இன்றைக்கும் கள்ளன் பேரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பேத்தி கேஷானியும் அதே வகுப்பில்தான் படிக்கிறாள்.

அதனால் நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். பஸ்ஸில் சாமான் போட்டு விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பதுளையில் மூட்டையைக் கண்டக்டர் கையில் கொடுத்து இடத்தைச் சொன்னால் போதும். அவர் இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போவார், உரியவர் வந்து தூக்கிப் போவார். எனவே வளைவில் கிடப்பது குப்பையா, வந்திறங்கிய பார்சலா என்று பார்த்த உடனே சொல்ல முடியாது. ஆகவே எதுவானாலும் மூன்று பஸ் போகும்வரை நான் கை வைக்க மாட்டேன். எங்கள் ரோட்டில் மூன்று பஸ் என்றால் சாதாரணமாக அரை நாள். அதற்குள் வராத உரியவர் உரியவரே அல்ல.

போன ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலேயே நல்ல மழை. வளைவில் ஒரு கிழிந்த மெத்தைக்கும் உடைந்த குடைக்கும் நடுவில் காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்று நின்றது. கால் இரும்பெல்லாம் துரு. கழுத்தில் ஒரு அட்டை கட்டியிருந்தது. அதில் எழுதியிருந்ததெல்லாம் மழையில் கரைந்து நீலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஹோட்டல்காரர்கள் இப்போது குப்பையைத் தரம் பிரித்து அட்டை கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். குப்பைக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியைச் சமையல்கட்டுப் பையன்களுக்குக் கொடுக்கலாம்.

குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சட்டம் சட்டம்தான். மூன்று பஸ்ஸும் வந்தன. ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, நாலு நிமிடத்தில். சட்டத்தில் நேரம் பற்றி நான் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் மெஷினில் ஒரு பழுதும் இல்லை. நூல் கோத்ததும் தண்ணீர் மாதிரி ஓடியது. பழுதில்லாத சாமானை எறிவது ஹோட்டல்காரர்களின் திமிர். அதைப் பழுதுபார்க்காமல் விடுவது எனக்கு அவமானம். ஆகவே அன்று பின்னேரமே கழற்றிவிட்டேன்.

கால் இரும்பு கிரிஷாந்தனிடம் போயிற்று. பதுளை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கிற மயில்வாகனம் முதலாளியின் மகன். அப்பா பளபளக்கிற புதுச் சாமான் விற்று ஈ ஓட்டுகிறார். மகன் எல்லயில் துருப்பிடித்த சாமான்களுக்கு நடுவில் உட்காரவைத்துக் கோப்பி விற்கிறான், இடமில்லாமல் வெள்ளைக்காரர் வாசலில் நிற்கிறார்கள். நான் துருவைத் தேய்த்துக் கொடுக்கப் போனபோது அவன் பதறிப்போனான். துருவுக்காகத்தான் ஆட்களே வருகிறார்களாம். மேலே ஒரு பலகையை வைத்து மேசை ஆக்கினான். பதிலுக்குப் பாண் ரொட்டி வாட்டுகிற செத்துப்போன மின்பெட்டி நாலு தந்தான். இருவருக்கும் திருப்தி.

மெஷினின் தலை என்னிடம் இருந்தது. ஊசி மேலும் கீழும் போகிறதல்லவா? ஊசிக்குப் பதிலாகக் கட்டைவிரல் பருமனில் ஒரு இரும்பு உலக்கையைப் பூட்டினேன். கீழே ஒரு பித்தளைக் கிண்ணம். தேயிலைப் பெட்டிப் பலகையால் முழுவதையும் மூடி, கைப்பிடியை மட்டும் வெளியே விட்டேன். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே டொக் டொக் என்று இஞ்சி இடிபடும். ஒரு சுற்றுக்கு ஆறு இடி. பதினாறு காம்பராவுக்கும் தேத்தண்ணிக்கு இஞ்சி இடிக்க இரண்டு நிமிடம் போதும். மூன்றாவது நிமிடம் சுற்றினால் பக்கத்துத் தோட்டத்துக்கும் அனுப்பலாம்.

புதன் காலையில் அதை அற்புதமலருக்குக் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. என் பெட்டிகளுக்குள் இருப்பதைப் பற்றிக் கேட்பதை அவள் விட்டுப் பல வருடம். சுற்றிப் பார்த்தாள், குடித்துப் பார்த்தாள், இதுவரை நான் கொண்டுவந்த சனியன்களில் இது ஒன்றுதான் உருப்படி என்றாள். எங்கள் வீட்டில் இது உயர்ந்த பட்டம்.

அன்று பின்னேரம் ஜெசீகா அழுதுகொண்டு வந்தாள். கீழ் லயத்தில் உடுப்புத் தைத்துக் கொடுக்கிற பெண். ஒக்டோபர் ஜெபமாலை மாதம். அன்றைய ஜெபம் எங்கள் வீட்டில். பெண்களெல்லாம் முன்வாசல் இஸ்தோப்பில் கூடியிருந்தார்கள். அவளுடைய மெஷின் பழுதாகி, பதுளையில் றவூப் நானாவின் கடைக்குப் போயிருந்ததாம். நானா திருத்தி முடித்து, செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போட்டு விட்டாராம்.

"எனக்குச் சொன்னது பன்னண்டு மணி பஸ்ஸு, பெரியம்மா. அவரு எட்டு மணி பஸ்ஸுலேயே ஏத்திட்டாரு. நா போய்ப் பாத்தா வளைவுல ஒன்னுமே இல்ல. ஒரு கிழிஞ்ச மெத்த மட்டுந்தான் கெடக்கு."

அந்த மெத்தை எனக்குத் தெரிந்த மெத்தை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒன்பது பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். ஒன்பது வெள்ளை உடுப்பும் வெட்டி மடித்து வைத்திருக்கிறாள், தைக்க மெஷின் இல்லை. எங்கள் மலைக்கு இன்னொரு தையல்காரி கிடையாது. பாதர் மாதம் ஒரு தடவைதான் வருவார், அடுத்த இரண்டு மாதமும் அவருக்கு வேறு கோயில். இந்த ஞாயிறு தவறினால் அடுத்த வருடம்தான். ஒன்பதாவது உடுப்பு கேஷானியுடையது. இரண்டு மாதமாக அந்தப் பிள்ளை ஜெப மந்திரம் பாடம் பண்ணி, எங்கள் கோழிகளுக்கும் அது பாடமாகிவிட்டது.

"அழாத புள்ள. மொதல்ல ஒரு வாய் தேத்தண்ணி குடி" என்றாள் அற்புதமலர். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். டொக் டொக்.

ஜெசீகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு குடித்தாள். "இஞ்சி நல்லா எறங்கியிருக்கு பெரியம்மா" என்றாள்.

பிறகு ஜெபம். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். அவர் படம் அந்தப் பெட்டிக்கு நேர் மேலேதான் தொங்குகிறது. நடந்தது முழுவதையும் பார்த்தவர். அற்புதமலர் கண்ணை மூடி, மெஷின் கிடைக்க வேண்டும் என்று மன்றாடிவிட்டு, தன் சொந்தப் பொறுப்பில் ஒரு வரி சேர்த்தாள்: "அத எடுத்த கை விளங்காமப் போகட்டும்."

எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். ஒரு ஆமென் குறைந்தால் சந்தேகம் வரும்.

அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். என்னவென்று சொல்வது? மகளே, உன் மெஷினின் தலை இந்தப் பெட்டிக்குள் இஞ்சி இடிக்கிறது, கால் எல்லயில் ஒரு வெள்ளைக்காரனின் முட்டைப் பொரியலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, நான் மூன்று பஸ் பார்த்துத்தான் எடுத்தேன் என்றா? கள்ள லூக்காஸும் அன்று ஏதோ ஒரு சட்டம் சொன்னதாகத்தான் ஞாபகம். ஒருவரும் காது கொடுக்கவில்லை.

வியாழன் காலை அற்புதமலர் கோயில் கழுவப் போனாள். நான் கிரிஷாந்தனின் கடைக்குப் போனேன். என் மேசையில் ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் உட்கார்ந்து, காலடியிலிருந்த மிதியை மிதித்து மிதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இன்னும் நாலு பேர் அதைப் படம் பிடிக்க வரிசையில் நின்றார்கள்.

கால் இரும்பைத் திருப்பிக் கேட்டேன். கிரிஷாந்தன் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, இந்த மேசைய மட்டும் கேக்காதீங்க. இதுல குந்துறதுக்குன்னே கொழும்புல இருந்து சொல்லிட்டு வாராங்க."

பதிலுக்கு நாலு பெட்டியையும் திருப்பித் தருகிறேன் என்றேன். தராசு தருகிறேன் என்றேன், நாற்பத்தொன்பது கிலோ என்று காட்டினால் வெள்ளைக்காரிகள் இன்னும் இரண்டு கேக் தின்பார்கள் என்று விளக்கினேன். யோசித்தான், ஆனால் அசையவில்லை. கடைசியில் பிரிட்ஜைப் பற்றிச் சொன்னேன். அதைச் சேலை அலுமாரியாகப் பாவிக்கிறோம் என்று வாய் தவறி வந்துவிட்டது. அவன் கண் விரிந்தது. உள்ளே சேலையோடு தருவீர்களா என்று கேட்டான். சேலை இல்லாமல் என்று முடிந்தது.

என் மகன் றோய் ஓட்டோ வைத்திருக்கிறான். கேஷானியின் அப்பா. பிரிட்ஜை ஏற்றிப் போய், துருப்பிடித்த கால் இரும்பை ஏற்றி வந்தான். லயத்து வாசலில் இறக்கும்போது சொன்னான்: "அப்பா, நா ஒன்னும் கேக்கல. ஞாயித்துக்கெழம எம்புள்ள வெள்ள உடுப்போட நிக்கணும். அவ்வளவுதான்."

கட்டிலில் குவிந்து கிடந்த சேலைகளைப் பார்த்த அற்புதமலரிடம், பிரிட்ஜ் திருத்தப் போயிருக்கிறது என்றேன். இஞ்சிப் பெட்டி? அதுவும் திருத்தத்தில். ஊர்ச் சாமானெல்லாம் திருத்துகிறவன் வீட்டுச் சாமானெல்லாம் எங்கே திருத்தப் போகிறது என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் கறிக்கு வெங்காயம் உரிக்கப் போனாள்.

தலையைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். பல் தேய்க்கிற பிரஷால் துலக்கினேன். நூல் ஓடுகிற வழியெல்லாம் இஞ்சி நார். எடுக்க எடுக்க வந்தது. ஒரு கட்டத்தில் இந்த மெஷின் சொந்தமாக இஞ்சி விளைவிக்கிறதோ என்றுகூட நினைத்தேன். பொழுது சாயுமுன் கால், தலை, தோல் வார் எல்லாம் பூட்டி, மிதித்துப் பார்த்தேன். பழையபடி தண்ணீராக ஓடியது. வாசம் மட்டும் போகவில்லை.

திட்டம் இதுதான்: வெள்ளி விடிந்ததும் மெஷினைப் பழைய இடத்திலேயே வைத்துவிட வேண்டும். யாராவது பார்த்துக் கூச்சல் போடுவார்கள். அந்தோனியாருக்குப் பெயர், ஜெசீகாவுக்கு மெஷின், எனக்கு என் பழைய பெயர். கைவண்டியில் தள்ளிப்போய் வைத்துவிட்டு, றோயின் ஓட்டோவுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொனராகலை போகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கினார். மெஷினைப் பார்த்தார். ரோட்டோரத்தில் ஒரு சாமான் நின்றால் அதை ஏற்றி விடுவதுதானே வழக்கம்? பொறுப்பான பிள்ளை. இரண்டு பேரைக் கைகொடுக்கச் சொல்லித் தூக்கி ஏற்றிக்கொண்டு, பஸ்ஸின் உடம்பில் தட்டினார். பஸ் போய்விட்டது.

றோய் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அன்று அந்த ஓட்டோ ஓடிய ஓட்டத்தில் அதன் நிழல் பின்தங்கிவிட்டது. அருவி வளைவில் நாங்கள் நின்ற பிறகுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. ஆட்கள் அருவியைப் பார்ப்பதற்காக பஸ் அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். ஏறினேன்.

கண்டக்டரின் பெயர் றுஷாந்தன், சட்டையில் குத்தியிருந்தது. மெஷின் எங்கள் லயத்துப் பெண்ணுடையது என்றேன். அவர் மெஷினுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"பேரு ஒன்னும் எழுதலியே ஐயா. அந்த வளைவுல சாமான் களவு போகுதுன்னு எல்லா பஸ்ஸுலயும் பேச்சு. நா மொனராகலை ஸ்டாண்டுல ஒப்படைக்கிறேன். சொந்தக்காரங்க வந்து அடையாளம் சொல்லி எடுக்கட்டும்."

அன்றைக்கென்று பஸ்ஸில் ஒருவரும் தூங்கவில்லை. அறுபது முகமும் என்னைப் பார்த்தது. அதில் கள்ள லூக்காஸின் மருமகளின் முகமும் இருந்தது.

"மோந்து பாருங்க தம்பி" என்றேன்.

"என்னாது?"

"நூல் ஓடுற எடத்துல மூக்க வச்சுப் பாருங்க. இஞ்சி வாசம் வந்தா எங்க லயத்து மெஷினு. வராட்டி நீங்களே வச்சிக்கிங்க."

அவர் குனிந்து மோந்தார். நிமிர்ந்தார். பக்கத்திலிருந்த ஒரு அம்மாவையும் மோந்து பார்க்கச் சொன்னார். "தேத்தண்ணிக் கடையில தச்ச மெஷினா ஐயா இது?" என்று கேட்டுக்கொண்டே, தானே ஒரு பக்கம் பிடித்து இறக்கித் தந்தார். வழியில் எங்கேயும் அடிபடாமல் கொண்டுபோங்கள் என்று சொல்லியும் அனுப்பினார்.

மெஷினை ஜெசீகாவின் வாசலில் இறக்கினோம். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். மொனராகலை பஸ்ஸுக்குள் என்றேன். இதில் ஒரு சொல் பொய்யா? அவள் என் காலைத் தொடப் போனாள். லயமே கூடியது. பஸ்ஸை விரட்டிப் பிடித்த கிழவன் என்று ஒருத்தி சொன்னாள். மத்தியானத்துக்குள் நான் பஸ்ஸின் ஏணியில் தொங்கியதாகவும், பின்னேரத்துக்குள் ஓடுகிற பஸ்ஸைக் கையால் பிடித்து நிறுத்தியதாகவும் ஆகிவிட்டது. நான் மறுக்கவில்லை. அடுத்தவர் கதையில் கை வைக்கிற பழக்கம் எனக்கில்லை.

ஆனால் அன்றைய ஜெபத்தில் ஒரு மாற்றம் வந்தது. மெஷினை எடுத்த கை யாருடையதென்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டதாம். "அந்த மொனராகலை பஸ் கண்டக்டர் கை விளங்காமப் போகட்டும்" என்றாள் ஜெசீகா. எல்லாரும் ஆமென் என்றார்கள். அன்று ஆமென் சொல்கிற இடத்தில் நான் இருமினேன். சனிக்கிழமையும் இருமினேன். அருவி வளைவில் அந்தப் பிள்ளை மெஷினை இறக்கித் தந்த கை ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பிள்ளைகளும் வெள்ளை உடுப்போடு வரிசையாக நடந்து வந்தார்கள். முதல் பிள்ளை பீடத்தை அடையுமுன் வாசம் அடைந்துவிட்டது. தூபத்தையும் மீறிக்கொண்டு கோயில் முழுக்க இஞ்சி. பாதர் இரண்டு தரம் மூக்கைத் தேய்த்தார். எங்கள் கோயில் வரலாற்றில் அன்று பூசை முடியும்வரை ஒரு சளி இருமல் கேட்கவில்லை. வருடக்கணக்காகத் தடுமன் பிடித்து மூக்கடைத்திருந்த உபதேசியாருக்குப் பாட்டில் அன்றுதான் உச்சஸ்தாயி எட்டியது.

அற்புதமலர் கேஷானிக்குப் பின்னால் முழங்காலில் நின்றாள். பேத்தியின் பாவாடை ஓரம் மடிந்திருந்தது. குனிந்து இழுத்துவிட்டாள். கை நின்றது. துணியை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு தன் வலது கையை விரித்து ஒரு நிமிடம் பார்த்தாள், பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிய கையை. பிறகு தலையைத் திருப்பி, ஆண்கள் பக்கம், ஐந்தாவது வரிசையில் என்னைப் பார்த்தாள். நான் அந்தோனியாரின் சுரூபத்தைப் பார்த்தேன். அவரும் வேறு பக்கம் பார்த்தார்.

அன்று பின்னேர ஜெபமும் எங்கள் இஸ்தோப்பில்தான். மன்றாட்டு முடிகிற இடத்தில் ஜெசீகா, "அந்தக் கண்டக்டர் கை" என்று ஆரம்பித்தாள்.

"அத விடு புள்ள" என்றாள் அற்புதமலர். "மெஷினு வந்திருச்சில்ல? கையி காலெல்லாம் சாமி பாத்துக்கும். அவன் எடுக்கல."

அவன் எடுக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. தேத்தண்ணி வந்தது. ஜெசீகா ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்கு இஞ்சி இல்லியே பெரியம்மா" என்றாள். பெரியம்மாவிடம்தான் சொன்னாள், ஆனால் பார்த்தது என்னை. பார்த்துவிட்டு மிச்சத்தையும் குடித்தாள். வெளியே போகும்போது, என் காற்சட்டையைக் காட்டி, ஒரு தையல் விட்டிருக்கிறது, செவ்வாய்க்கிழமை கொண்டுவாருங்கள், தைத்துத் தருகிறேன் என்றாள்.

எல்லாரும் போன பிறகு அற்புதமலர் கட்டிலில் குவிந்திருந்த சேலைகளை மடிக்க உட்கார்ந்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். மூன்று சேலையை மடித்து அடுக்கினோம்.

"மூனு பஸ்ஸுன்னு ஒரு கணக்கு வச்சிருந்தீங்களே" என்றாள் நாலாவதில்.

"ஆமா."

"இனிமே மூனு நாளு."

சரி என்றேன். அவள் எழுந்து, சுவரோரம் வெறுமையாகக் கிடந்த பலகையைப் பார்த்தாள். பெட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு இஞ்சிக் கறை மட்டும் இருந்தது. அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்கு இஞ்சிய எதுல இடிக்கிறதாம்?"